குட்டி டிவிடி கணினியில் காலியாகத் தெரிவது ஏன்?

2000களில் வந்த கேம்கார்டர்கள் சில, டேப்புக்குப் பதிலாக 8 செ.மீ. குட்டி டிவிடியில் படம் பிடித்தன. கொள்ளளவு 1.4 ஜிபி, சாதாரணத் தரத்தில் அரை மணி நேரம். அதை இன்று கணினியில் போட்டால் சில சமயம் 'காலி' என்கிறது. பதறி, புது டிஸ்க் என்று நினைத்து அதன்மேல் எதையும் எழுதிவிடாதீர்கள்!

கேமரா முதலில் காட்சிகளை எழுதிக்கொண்டே போகும். எது எங்கே இருக்கிறது என்ற பொருளடக்கத்தைக் கடைசியில்தான் முழுமையாக எழுதும். அந்த வேலைக்குப் பெயர் 'ஃபைனலைஸ்'. அது நடக்காத டிஸ்க், பொருளடக்கம் இல்லாத புத்தகம். மனிதன் புரட்டிப் பார்ப்பான். கணினிக்கு அந்தப் பொறுமை கிடையாது. படம் பிடித்த கேமராவிலேயே டிஸ்கைப் போட்டு, மின் இணைப்பும் கொடுத்து (பாதியில் பேட்டரி தீர்ந்தால் வம்பு), மெனுவில் ஃபைனலைஸ் செய்தால் போதும்.

பிறகு உள்ளே விஓபி கோப்புகள் தெரியும். எம்பெக்-2 படமும் ஒலியும் பின்னிய ஒரே ஓடை அது. ஒரு கோப்பு 1 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பது டிவிடி விதி. அதனால் நீண்ட காட்சி நடுவிலேயே துண்டாகியிருக்கும். முதலில் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள்.

இந்தக் கோப்புகளை எடிட் செய்யும்போது கணினி ஏன் இழுத்தடிக்கிறது? ஏறத்தாழ அரை வினாடிக்கு ஒன்றுதான் முழுப் படம். இடையில் இருப்பவை மாற்றங்களின் குறிப்பு மட்டுமே. நடுவில் வெட்டினால், மென்பொருள் அந்தப் படங்களைத் திரும்பக் கணக்கிட்டாக வேண்டும்.

தட்டு இல்லாமல் டிஸ்கை உறிஞ்சி இழுக்கும் டிரைவில் மட்டும் இந்தக் குட்டி டிவிடியைப் போடாதீர்கள், சிக்கிக்கொள்ளும்.