குளக்கட்டைக் காப்பது யார் பொறுப்பு?

உலர் வலயத்தில் மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக் காற்றோடு சில மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. எஞ்சிய காலத்துக்கும் வயலுக்கும் கால்நடைக்கும் கிணற்றுக்கும் நீர் வேண்டும். எமது நாட்டின் முன்னோர் இதற்குக் கண்ட வழி, தாழ்ந்த நிலத்தின் குறுக்கே மண்ணால் கட்டுப் போட்டு மழைநீரை மறிப்பதாகும். அதுவே குளக்கட்டு.

குளக்கட்டு என்றதும் நாம் மண்மேட்டை மட்டுமே நினைக்கிறோம். ஆனால், அதைச் சூழ இருந்த ஒவ்வொன்றும் அதற்குக் காவலாக அமைந்திருந்தது.

மேட்டில் தொடங்கும் காவல்

குளத்துக்கு மேலே, சரிவான நிலத்தில், சிங்களத்தில் 'இஸ்வெட்டிய' எனப்படும் சிறு மண்வரம்புகள் இருக்கும். மழைநீரோடு அடித்து வரப்படும் மண்ணை இவை தடுக்கும். நீர் குளத்தினுள் வருமிடத்துப் புற்றரை மிஞ்சிய மண்ணை வடிக்கும். கரையோர மரங்கள் காற்றை மறித்து, நீர் ஆவியாவதைக் குறைக்கும். கட்டின் நீர்ப்பக்கத்தில் அடுக்கிய கற்கள் அலையின் அரிப்பைத் தாங்கும். கட்டுக்கும் வயலுக்கும் இடையே மரஞ்செடிகள் நிறைந்த 'கட்டகடுவ', கசியும் நீரிலுள்ள உப்பு வயலைச் சேராமல் காக்கும்.

மேற்குளம் வான் பாய்ந்து வரும் நீரும் அதன் வயல்களில் வடியும் நீரும் கீழ்க்குளத்தில் சேரும். இவ்வாறு ஒரே நீர் பல ஊர்களை வாழவைக்கும். இந்தக் குளத்தொடர் முறையை ஐ.நா. உணவு விவசாய அமைப்பு 2017இல் உலக விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றது.

மண்கட்டு நீரைத் தேக்குவதற்கு மட்டுமன்றி, நடத்திச் செல்லவும் பயன்பட்டது. கலாவெவவிலிருந்து அநுராதபுரத்துக்குச் சுமார் 87 கிலோமீற்றர் ஓடும் ஜயகங்கை வாய்க்காலுக்கு ஒரு பக்கத்தில் மட்டுமே கட்டு உண்டு. மறுபக்கம் இயற்கையான மேட்டுநிலம். அதன் முதல் 17 மைல்களில் மைலுக்கு ஆறு அங்குலமே சரிவு.

கந்தளாய் தந்த பாடம்

1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. 120 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கட்டின் மீது மிகப் பாரமான வாகனங்கள் ஓடியதும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது.

மண்கட்டு பெரும்பாலும் உள்ளிருந்தே பலமிழக்கிறது. பட்டுப்போன மரத்தின் வேர் உக்கிய துவாரம், எலி வளை, கறையான் புற்று என ஏதோவொன்றின் வழியே நீர் பாதை கண்டுகொள்ளும். கசியும் நீர் தெளிவாக இருந்தால் கவனித்து வரலாம். கலங்கி வந்தால் கட்டின் மண் கரைகிறது என்பது பொருள். உடனே அறிவிக்க வேண்டும்.

குளம் தூர்ந்தால் கட்டை உயர்த்தினால் போதும் என்பதும் தவறு. நீர் ஆழமின்றிப் பரந்து விரைவில் ஆவியாகும். மேலுள்ள வயல்களும் மூழ்கும். மண் வந்து சேரும் வழியை மேட்டிலேயே மறிப்பதுதான் நிலையான பரிகாரம்.

அக்காலத்தில் வயலின் அளவுக்கேற்பக் கட்டின் பராமரிப்பும் விவசாயிகளிடையே பங்கிடப்பட்டது. 1832இல் இராஜகாரிய முறை ஒழிந்தபின் இவ்வழக்கம் தளர்ந்தது. ஊர்க் கட்டுப்பாட்டை மீட்க 1856இல் சட்டமும் வந்தது.

இன்று திணைக்களம் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது. எனினும் கட்டின் மண்ணை வெட்டுபவரைத் தடுக்கவும், கட்டகடுவையைத் துப்புரவாக்கி வயலாக்குவதைக் கேட்கவும் ஊரவர்தான் முன்வர வேண்டும். கட்டு உடைந்தால் முதலில் வெள்ளம் புகுவது அவர்களின் வீட்டினுள்தான்.