எண்ணிக்கைக்குள் வராத நோயாளிகள்

தரவு அறிவியல் படிக்கிறேன் என்றால், "வங்கி வேலைக்கா?" என்றுதான் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். உயிர்காக்கும் வேலையும் அதில் உண்டு என்பதை, கிருமிகளின் மருந்து எதிர்ப்புத்திறன் பற்றிப் படித்தபோது தெரிந்துகொண்டேன்.

ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குக் கிருமிகள் கட்டுப்படாமல் போவதால், 2019ல் உலகளவில் ஏறத்தாழ 1.27 மில்லியன் பேர் இறந்ததாக 'லான்செட்' இதழில் 2022ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. மரண விகிதம் ஆக அதிகமாக இருந்தது மேற்கு ஆப்பிரிக்காவில்தான்.

'மதிப்பிட்டது' என்ற சொல்லைக் கவனியுங்கள். அங்குள்ள பல நாடுகளில் கிருமியைச் சோதித்துப் பார்க்கவே வசதி குறைவு. 14 ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், ஏறத்தாழ 50,000 ஆய்வுக்கூடங்களில் 1.3 விழுக்காடு மட்டுமே பாக்டீரியா சோதனை செய்வது தெரியவந்தது. 205 ஆய்வுக்கூடங்களிலிருந்து 800,000க்கும் அதிகமான சோதனை முடிவுகள் திரட்டப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் நோயாளி பற்றிய மருத்துவ விவரங்கள் இல்லை.

விவரம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மருத்துவமனைக்குச் சிறுநீர்ப்பாதைத் தொற்றுடன் 1,000 பேர் வருகிறார்கள். 900 பேர் முதல் மருந்திலேயே குணமாகிவிடுகிறார்கள். குணமாகாத 100 பேருக்கு மட்டும் சோதனை நடக்கிறது. அவர்களில் 60 பேரின் கிருமி மருந்துக்குக் கட்டுப்படவில்லை. அறிக்கையில் '60 விழுக்காடு எதிர்ப்பு' என்று பதிவாகிறது. குணமானவர்கள் கணக்கிலேயே இல்லை!

அதை நம்பி எல்லாருக்கும் வீரியமான மருந்தைக் கொடுத்தால் செலவு கூடும். நாளடைவில் அந்த மருந்துக்கும் கிருமிகள் பழகிவிடும். ஏழை நாடுகளில் அதற்குப் பிறகு கொடுக்க வேறு மருந்து கிடைப்பது அரிது.

இங்குதான் தரவுப் பகுப்பாய்வு கைகொடுக்கிறது. பாஸ்டன் நகரில் 1989ல் உருவான 'ஹூநெட்' என்ற இலவச மென்பொருள் சாதாரணக் கணினியிலேயே இயங்கும். ஒரே நோயாளியின் சோதனை பலமுறை எண்ணப்படுவதைத் தவிர்க்கவும், நம்பமுடியாத முடிவுகளைச் சுட்டிக்காட்டவும் அது உதவுகிறது. 2015ல் உலகச் சுகாதார நிறுவனம் 'கிளாஸ்' கண்காணிப்பு முறையைத் தொடங்கியதிலிருந்து, நாடுகள் தங்கள் தரவுகளை ஒரே முறையில் பகிரவும் வழி பிறந்துள்ளது.

ஆனால், சோதிக்கப்படாதவரை எந்த மென்பொருளாலும் எண்ண முடியாது. ஆய்வுக்கூடங்களும், விவரங்களைப் பொறுமையாகப் பதிவுசெய்யும் ஊழியர்களும் முதலில் தேவை.

தரவுத் துறைக்கு வர நினைக்கும் நண்பர்களே, கணினி நிரலுடன் உயிரியலையும் விட்டுவிடாதீர்கள். ஒரு விழுக்காட்டைப் பார்த்தால், 'இதில் யார் எண்ணப்படவில்லை?' என்று கேட்டுப் பழகுங்கள்.