முழங்கால் தசைநார்கள்

முழங்கால் தசைநார்கள் என்பவை தொடை எலும்பைக் கணைக்கால் எலும்புகளுடன் பிணைத்து மூட்டை நிலையாக வைத்திருக்கும் வலுவான நார்த்திசுப் பட்டைகளாகும். தசைநாண் தசையை எலும்போடு சேர்க்கிறது. தசைநார் எலும்பை எலும்போடு சேர்க்கிறது. பேச்சு வழக்கில் ‘ஜவ்வு கிழிந்தது’ என்பது தசைநாரையும் குறிக்கலாம், மூட்டினுள் மெத்தைபோல் அமைந்த பிறைவடிவக் குருத்தெலும்பையும் குறிக்கலாம்.

அமைப்பு

முதன்மையான தசைநார்கள் நான்கு.

முன் சிலுவைத் தசைநார்: கணைக்கால் உள்ளெலும்பு முன்னோக்கி நழுவாமலும், மூட்டு அளவுக்கு மீறித் திருகாமலும் தடுக்கிறது.

பின் சிலுவைத் தசைநார்: அதே எலும்பு பின்னோக்கி நழுவுவதைத் தடுக்கிறது. இவ்விரண்டும் மூட்டின் நடுவே குறுக்காகச் செல்கின்றன.

உட்பக்கத் தசைநார்: மூட்டு உட்புறமாக வளைவதைத் தடுக்கிறது. இதன் ஆழ்ந்த பகுதி உட்பக்கப் பிறைக் குருத்தெலும்புடன் ஒட்டியுள்ளது. எனவே இரண்டும் சேர்ந்து காயமடையலாம்.

வெளிப்பக்கத் தசைநார்: கயிறு போன்றது; கணைக்கால் வெளியெலும்பின் தலைப்பகுதியில் இணைகிறது.

காயம் ஏற்படும் விதம்

பாதம் ஒரே இடத்தில் பதிந்திருக்க உடல் சட்டெனத் திரும்பும்போது முன் சிலுவைத் தசைநார் அறுபடலாம். கால்பந்து, சடுகுடு ஆட்டங்களில் இது அடிக்கடி நிகழ்கிறது. விளையாடாதவர்களுக்கும் இவ்வாறு நேரலாம். பழவேற்காடு ஏரி போன்ற ஆழமற்ற உப்பங்கழியில் சேற்றில் கால் புதைய நின்று வலை இழுக்கும் மீனவரின் நிலையும் இதே இயக்கவியலுக்கு உட்பட்டதே. ‘டப்’ என்ற ஓசை, சில மணி நேரத்தில் வீக்கம், நடக்கையில் மூட்டு நழுவும் உணர்வு ஆகியவை அறிகுறிகள்.

அறுவையில் உடற்கூற்றியல்

உட்பக்கத் தசைநார் பெரும்பாலும் அறுவையின்றியே ஆறும். மூட்டுக் குழியினுள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் முழுதும் அறுந்தால் தானாக ஒட்டுவது அரிது. எனவே பின்தொடையிலிருந்தோ முழங்காற்சில்லின் கீழிருந்தோ தசைநாண் எடுத்து, எலும்பில் துளையிட்டு, பழைய தசைநார் இருந்த அதே இடத்தில் பொருத்துகின்றனர். துளை இடம் மாறினால் ஒட்டு தளரும் அல்லது மூட்டை மடக்க முடியாமல் போகும். பின் சிலுவைத் தசைநாருக்கு மிக அருகில் முழங்கால் பின்புறத் தமனி செல்கிறது. வெளியெலும்பின் கழுத்தைச் சுற்றிச் செல்லும் நரம்பு சேதமுற்றால் பாதத்தை மேலே தூக்க இயலாது.

அறுவைக்குப் பிந்தைய கவனம்

2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவருக்கு முழங்கால் தசைநார் அறுவைக்குப் பின் போடப்பட்ட இறுக்கமான கட்டு உரிய நேரத்தில் தளர்த்தப்படாததால் காலுக்கு இரத்த ஓட்டம் தடைபட்டது. கால் அகற்றப்பட்டும் அவர் நவம்பர் 15 அன்று இறந்தார். அறுவை சிறியதாயினும் கண்காணிப்பு சிறிதன்று என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. மருந்துக்கு அடங்காத வலி, பாதம் குளிர்தல், நிறம் மாறுதல், மரத்துப்போதல், விரல்களை அசைக்க இயலாமை ஆகியவற்றில் எது தோன்றினாலும் விடியும் வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.