கரண்டியில் திரண்ட வெண்மை

நீரிழிவு நம் நாட்டுக்குப் புதிய வியாதியன்று. நோயாளியின் நீர் தேன்போல் இனிப்பதையும், அதை எறும்பு நாடி வருவதையும் நம் ஆயுர்வேத ஆசிரியர்கள் பண்டைக் காலத்திலேயே கண்டு, 'மதுமேகம்' என்று பெயரும் இட்டனர். லிவர்ப்பூல் வைத்தியர் மாத்யூ டாப்ஸன் நீரை வற்றக் காய்ச்சி, அவ்வினிப்பு சர்க்கரையே என்று 1776-ல்தான் எழுதினார். இப்பெருமையைப் பேச நாம் சலிப்பதில்லை. ஆனால் 2023-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி இந்நோயுடைய இந்தியர் சுமார் 10 கோடிப் பேர். அவர்களுடைய சிறுநீரகங்களைப் பழம்பெருமை காப்பாற்றுமா?

ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று விசாரிக்காத குடும்பம் இன்று அபூர்வம். நீரில் புரதம் இறங்குகிறதா என்று விசாரிக்கும் குடும்பமோ அதனினும் அபூர்வம். விரலில் ஊசி குத்திக்கொள்ள அஞ்சாதவர்கள் கூட, சிறு குப்பியில் நீர் பிடித்துத் தரக் கூச்சப்படுவது விந்தையே!

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடித்து, ஒன்றிரண்டு லிட்டரை மாத்திரம் வெளியே அனுப்பி, மற்றதை உடலுக்கே திருப்பிவிடுகின்றன. காப்பி வடிகட்டும் துணியில் தூள் மேலே தங்க, டிகாக்ஷன் மட்டும் கீழே இறங்குகிறதல்லவா? இழை நைந்தால் தூளும் இறங்கிவிடும். அதுபோல, நெடுநாள் மிகுந்திருக்கும் சர்க்கரையால் வடிகட்டி பழுதுபடும்போது, ரத்தத்தில் தங்கவேண்டிய ஆல்புமின் என்னும் புரதம் நீரில் கசிகிறது. அப்பொழுது வலியில்லை, வீக்கமில்லை. நோயாளி வழக்கம்போல் ஆபீசுக்குப் போய்வருகிறார். கால் வீங்கி மூச்சு முட்டும் நிலை வருவதற்குள் பல வருஷங்கள் வீணாகியிருக்கும்.

லண்டன் கைஸ் ஆஸ்பத்திரி வைத்தியர் ரிச்சர்ட் பிரைட், நோயாளிகளின் நீரைக் கரண்டியில் விட்டு மெழுகுவத்திச் சுடரில் காட்டினார். முட்டையின் வெண்கரு வேகும்போது திரள்வதுபோல் அது வெளுத்துத் திரண்டது. இறந்தவர்களின் உடலைச் சோதித்தபோது சிறுநீரகங்கள் கெட்டிருந்தன. இவ்விரண்டையும் இணைத்து அவர் 1827-ல் வெளியிட்டார். எளிய சோதனைதான், ஆனால் புரதம் ஏராளமாக இறங்கிய பின்னரே அது காட்டும். மிகச் சொற்பமான ஆல்புமினை அளக்கும் முறையை 1963-ல் ஹாரி கீன் முதலியோர் வெளியிட்டனர். இச்சிறு கசிவே பிற்காலத்துக் கேட்டுக்கு முன்னறிகுறி என்று 1982-ல் அதே கைஸ் ஆஸ்பத்திரியார் காட்டினார்கள்.

இன்று ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவான ஆல்புமின் இருந்தால் கவலையில்லை என்பார்கள். 30 முதல் 300 வரை உள்ள கசிவு, சாதாரணக் காகிதச் சோதனையில் பெரும்பாலும் புலப்படாது. ஆகவே இந்தக் கணக்கையே கேட்டு வாங்கவேண்டும். நடுவயதில் வரும் நீரிழிவுக்கு நோய் தெரிந்த அன்றே தொடங்கி வருஷந்தோறும் பார்க்கவேண்டும். குழந்தைப் பருவத்திலேயே இன்ஸுலின் தேவைப்படும் வகைக்கு 5 வருஷம் கழித்துத் தொடங்கினால் போதும். காய்ச்சல், கடும் தேகாப்பியாசம், மூத்திரத் தாரையில் கிருமி, ஸ்திரீகளின் மாதவிலக்கு இவற்றாலும் அளவு ஏறலாம். ஒருமுறை ஏறியதைக் கண்டு கலங்காமல், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டில் மிகுந்திருந்தால்தான் கசிவென்று கொள்வர். அந்நிலையில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்கி, கசிவைக் குறைக்கும் மருந்துகளைக் கொடுத்தால் கேட்டைப் பெரிதும் தாமதப்படுத்தலாம்.

கசிவே இல்லாமல் சிறுநீரகம் தளர்வதும் உண்டு. ஆதலால் ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்க்கவேண்டும். கசிவுக்கும் முன்னதாகவே ஆபத்தை அறியமுடியுமா என்று ஐரோப்பாவில் முயன்றார்கள். நீரிலுள்ள 273 புரதத் துணுக்குகளின் சேர்க்கையை 1,775 பேரிடம் சோதித்து, முடிவை 2020-ல் வெளியிட்டனர். ஆபத்துக்குறி கண்டவர்களில் 100-க்கு 28 பேருக்கும், காணாதவர்களில் 9 பேருக்கும் பின்னர் கசிவு ஏற்பட்டது. ஆனால் குறி கண்டவர்களுக்கு முன்கூட்டியே ஸ்பைரோனோலாக்டோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில், கசிவு தடைபட்டதாக நிரூபணமாகவில்லை.