தாயை விரட்டாத நீதிமன்றம்

கர்ப்ப காலத்தில் ஹெராயின் போன்ற ஓபியாய்டு பழக்கம் இருந்த பெண்ணின் குழந்தை, பிறந்த சில நாட்களில் நடுங்கத் தொடங்கலாம். விடாமல் அழும், பால் குடிக்கத் திணறும். தொப்புள்கொடி வழியே வந்துகொண்டிருந்த பொருள் திடீரென நின்றுபோனதால் வரும் அவதி இது, கவனித்தால் தணிந்துவிடும். வெளிச்சம் குறைந்த அறை, மார்போடு அணைப்பு, பசித்ததும் பால் ஆகியவையே முதல் மருந்து. இம்முறையை அமெரிக்காவில் 26 மருத்துவமனைகளில் சோதித்தார்கள். வழக்கமான முறையில் ஏறக்குறைய 15 நாட்களில் வீடு திரும்பத் தயாரான குழந்தைகள், இதில் சுமார் 8 நாட்களிலேயே தயாரானார்கள் என்று 2023இல் முடிவு வெளியானது.

ஆனால் அணைக்க வேண்டிய தாய் பயத்தில் இருக்கிறாள். அமெரிக்காவின் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தை 22 மாதங்களில் 15 மாதங்கள் அரசுப் பராமரிப்பில் இருந்துவிட்டால், சில விலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை நீக்க அரசு மனுச் செய்ய வேண்டும். போதையிலிருந்து மீள்வது இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. குழந்தையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அஞ்சியே கர்ப்பிணிகள் பலர் மருத்துவப் பரிசோதனைக்குப் போகாமல் ஒளிகிறார்கள். அந்த பயம்தான் குழந்தைக்குப் பெரிய ஆபத்து.

இந்தப் பெண்களில் பலர் சிறுவயதிலேயே அடியும் பாலியல் வன்முறையும் பட்டவர்கள். அதட்டும் குரல் கேட்டால் வாயடைத்துப்போவார்கள். வழக்குக் கோப்பில் அது ‘ஒத்துழைக்கவில்லை’ என்று ஏறும். இவர்களின் மனக்காயத்தை அறிந்து நடத்துவது என்றால் கனிவாகப் பேசுவது மட்டும் அல்ல. அடுத்து என்ன நடக்கும் என்று முன்பே சொல்லவேண்டும். பட்ட துயரத்தை ஒவ்வொரு அதிகாரியிடமும் புதிதாகச் சொல்ல வைக்கக்கூடாது. சிறுநீர்ப் பரிசோதனையை அவமானமாக்கக்கூடாது.

1994இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ரீனோ நகரில், போதைப் பழக்கத்தில் சிக்கிய பெற்றோருக்கென ஒரு குடும்ப நீதிமன்றம் பிறந்தது. 2008இல் நீதிபதி நிக்கோலஸ் கிரைட்டன் லண்டனில் தொடங்கிய இத்தகைய நீதிமன்றத்தில், பெற்றோர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வக்கீல்கள் இல்லாமல், ஒவ்வொரு முறையும் அதே நீதிபதியிடம் நேரில் பேசுவார்கள். இத்தகைய நீதிமன்றங்களிலும் எல்லாக் குழந்தைகளும் வீடு திரும்புவதில்லை. குழந்தையின் பாதுகாப்புதான் முதலில்.

நீதிமன்றங்கள் புரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, ஓபியாய்டு பழக்கத்துக்குத் தரப்படும் மெத்தடோன், புப்ரினார்ஃபின் மருந்துகள். கர்ப்பிணி ஓபியாய்டைச் சட்டென விட்டால் பழக்கம் திரும்பும் அபாயம் அதிகம் என்பதால் மருத்துவர்கள் இவற்றைத் தருகிறார்கள். இதுவும் போதைதான் என்று நிறுத்தச் சொன்ன நீதிமன்றங்கள் உண்டு. மருத்துவர் எழுதிக்கொடுத்த இம்மருந்தைத் தடுப்பது மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை மீறுவதாகும் என 2022இல் அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் தெளிவுபடுத்தியது.