மெட்ராஸ் சொந்த ஊரா, கப்பல் ஏறிய ஊரா?

"எங்க கொள்ளுத்தாத்தா மெட்ராஸ்காரர்" என்று தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் சொன்னால், நான் முதலில் சந்தேகப்படுவது அந்த ஊரைத்தான். பலருக்கு அது கப்பல் ஏறிய இடம் மட்டுமே.

நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் 'ட்ரூரோ', 1860 அக்டோபரில் இங்கிருந்து கிளம்பி நவம்பர் 16-ல் 342 பேரோடு டர்பன் சேர்ந்தது. அப்போ இங்கே துறைமுகமே கட்டல. மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போகணும். 1911 வரை போனவர்கள் சுமார் 1,52,000 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸ் வழியாக.

சரி, சொந்த ஊரை எப்படிப் பிடிப்பது? பெயரில் ஆரம்பிக்காதீங்க. எத்தனை முனுசாமிகள்! ஸ்பெல்லிங்கும் எழுத்தர் காதில் விழுந்தபடிதான். ஒவ்வொருவருக்கும் கொடுத்த காலனி எண்தான் பிரைமரி கீ. வீட்டிலுள்ள பழைய திருமண, இறப்புப் பதிவுகளில் அதைத் தேடுங்க. எண் கிடைச்சா, கப்பல் பட்டியலில் அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், அங்க அடையாளம் வரை பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: மாவட்டத்தை அந்தக் கால எல்லையில் வைத்துப் பாருங்க. 'வட ஆற்காடு' என்றிருந்தால் வேலூர் பக்கம் மட்டும் தேடினால் போதாது. 1911-ல் தனி மாவட்டம் ஆகும்வரை சித்தூரும் அதில்தான் இருந்தது. உங்கள் கிராமம் இன்றைக்கு ஆந்திராவில் இருக்கலாம்.