ஒரு வரி மாறினால் டிஸ்க்கே காலி! - ‘கோடு’ எழுதி கிளவுட் ஸ்டோரேஜ் உருவாக்குவது எப்படி?

2024 மே மாதத் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவின் பெரிய ஓய்வூதிய நிதியங்களில் ஒன்றான ‘யூனிசூப்பர்’ உறுப்பினர்கள் தங்கள் கணக்கைத் திறந்து பார்க்க முடியாமல் தவித்தார்கள். 6 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள். ஒரு வாரத்துக்கும் மேல் இதே நிலை. ஹேக்கிங்கா? இல்லை.

கூகுள் கிளவுட் பின்னர் கொடுத்த விளக்கம் இதுதான்: யூனிசூப்பருக்கான சேவையை முதன்முதலில் அமைத்தபோது, கூகுள் ஊழியர்கள் ஒரு விவரத்தை நிரப்பாமல் காலியாக விட்டுவிட்டார்கள். அதனால் அந்த அமைப்புக்கு ‘1 ஆண்டு’ என்ற ஆயுள் தானாகப் பதிவாகிவிட்டது. கெடு முடிந்ததும் சிஸ்டம் அதை அழித்துவிட்டது. வாடிக்கையாளர் கேட்டு நடந்த அழிப்பு இல்லை என்பதால், எச்சரிக்கைத் தகவல்கூடப் போகவில்லை.

கிளவுட்டில் இடம் ஒதுக்கும் இந்த வேலைக்கு ‘புரொவிஷனிங்’ என்று பெயர். இன்று பல நிறுவனங்கள் இதைத் திரையில் கிளிக் செய்து செய்வதில்லை. கோடு எழுதிச் செய்கின்றன. ஐ.டி. வேலைக்குப் படிப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் விஷயங்களில் இதுவும் ஒன்று. இது எப்படி வேலை செய்கிறது, ஆபத்து எங்கே இருக்கிறது?

கிளவுட் டிஸ்க் என்றால் என்ன?

நம்ம லேப்டாப்பில் டிஸ்க் உள்ளேயே இருக்கும். கிளவுட்டில் பெரும்பாலும் சர்வர் ஒரு பக்கம், டிஸ்க் ஒரு பக்கம்; இரண்டையும் நெட்வொர்க் இணைக்கும். அமேசானில் இந்த டிஸ்க் சேவையின் பெயர் இபிஎஸ் (எலாஸ்டிக் பிளாக் ஸ்டோர்), 2008-ல் அறிமுகமானது. கூகுளில் ‘பெர்சிஸ்டென்ட் டிஸ்க்’, மைக்ரோசாஃப்ட் அஸ்யூரில் ‘மேனேஜ்டு டிஸ்க்’. சர்வரை நிறுத்தினாலும் இந்த டிஸ்க்கில் உள்ள டேட்டா அப்படியே இருக்கும். ஒரு சர்வரிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டவும் செய்யலாம்.

ஆனால், ஒரு நிபந்தனை. இபிஎஸ் டிஸ்க் ஓர் ‘அவைலபிலிட்டி ஸோனு’க்குள் மட்டுமே இருக்கும். அமேசானின் மும்பை மண்டலத்தில் இப்படி 3 ஸோன்கள் இருக்கின்றன. ‘ஏ’ ஸோனில் உருவாக்கிய டிஸ்க்கை ‘பி’ ஸோனில் உள்ள சர்வரில் மாட்ட முடியாது. ஸ்னாப்ஷாட் எடுத்து, அதிலிருந்து ‘பி’ ஸோனில் புது டிஸ்க் உருவாக்க வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிளிக் செய்தாலே போதுமே, கோடு எதற்கு?

ஒரு டிஸ்க் என்றால் கிளிக் போதும். 200 டிஸ்க் என்றால்? எதற்கு என்கிரிப்ஷன் ஆன் செய்தோம், எதற்கு மறந்தோம் என்று யாருக்கும் நினைவிருக்காது.

2017 ஜனவரி 31 அன்று ‘கிட்லேப்’ நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். ஓர் இன்ஜினீயர் வேறு சர்வர் என்று நினைத்து முக்கிய டேட்டாபேஸின் ஃபைல்களை அழித்துவிட்டார். பேக்கப் எடுக்கலாம் என்று தேடியபோதுதான், அஸ்யூர் டிஸ்க் ஸ்னாப்ஷாட் வசதி ஃபைல் சர்வர்களுக்கு ஆன் செய்யப்பட்டிருந்தது, டேட்டாபேஸ் சர்வர்களுக்கு ஆன் செய்யப்படவே இல்லை என்பது தெரிந்தது. வேறு வேலைக்காக சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் கைகொடுத்தது. நடுவில் பதிவான டேட்டாபேஸ் மாற்றங்கள் போனது போனதுதான்.

அமைப்புகள் எல்லாம் கோடாக இருந்தால், எந்த டிஸ்க்குக்கு ஸ்னாப்ஷாட் இருக்கிறது, எதற்கு இல்லை என்று ஃபைலைத் திறந்தே பார்க்கலாம். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதும் பதிவாகும். இதைத்தான் ‘இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஆஸ் கோடு’ என்கிறார்கள்.

டெர்ராஃபார்ம் எப்படி வேலை செய்கிறது?

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் டூல் ‘டெர்ராஃபார்ம்’. ஹாஷிகார்ப் நிறுவனம் 2014-ல் வெளியிட்டது. 2023-ல் இதன் லைசென்ஸ் மாற்றப்பட்டபோது, பழைய ஓப்பன் சோர்ஸ் பதிப்பிலிருந்து ‘ஓப்பன்டோஃபு’ பிறந்தது. 2025-ல் ஹாஷிகார்ப் நிறுவனமே ஐபிஎம் கைக்குப் போய்விட்டது. அமேசானுக்கென்றே ‘கிளவுட்ஃபார்மேஷன்’, அஸ்யூருக்கு ‘பைசெப்’ ஆகியவையும் இருக்கின்றன.

ஹோட்டலில் உட்கார்ந்து “ரெண்டு இட்லி, ஒரு வடை” என்று சொல்கிறோம். மாவை எப்படி அரைப்பது என்று சொல்வதில்லை. டெர்ராஃபார்மும் அப்படித்தான். என்ன வேண்டும் என்பதை மட்டும் எழுதினால் போதும். ஓர் இபிஎஸ் டிஸ்க்குக்கு எழுத வேண்டியவை:

• ஸோன்: மும்பை ‘ஏ’
• அளவு: 100 கிகாபைட்
• வகை: ஜிபி3 (இது டிஸ்க் வகையின் பெயர், கொள்ளளவு இல்லை)
• என்கிரிப்ஷன்: ஆன்
• டேக்: எந்த புராஜெக்ட், யார் பொறுப்பு

ஜிபி3 வகை 2020 டிசம்பரில் வந்தது. டிஸ்க் சிறியதோ பெரியதோ, நொடிக்கு 3,000 முறை படிக்கும், எழுதும் வேகம் அடிப்படையாகவே கிடைக்கும். முந்தைய ஜிபி2-வைவிட ஒரு கிகாபைட்டுக்கான விலை 20% வரை குறைவு என்கிறது அமேசான்.

எழுதி முடித்ததும் ‘பிளான்’ கட்டளை. என்னவெல்லாம் நடக்கப்போகிறது என்று டெர்ராஃபார்ம் பட்டியல் போடும். சரி என்றால் ‘அப்ளை’; டிஸ்க் ரெடி. எதை உருவாக்கினோம் என்ற கணக்கை ‘ஸ்டேட் ஃபைல்’ என்ற ஃபைலில் அது எழுதி வைத்துக்கொள்ளும். இந்த ஃபைல் தொலைந்தால், ஏற்கெனவே இருக்கும் டிஸ்க்கை அதற்கு அடையாளம் தெரியாது. புதிதாக இன்னொன்றை உருவாக்கப் பார்க்கும். அதனால் இதைத் தனி ஒருவரின் லேப்டாப்பில் வைக்கக் கூடாது. டீம் முழுவதும் பயன்படுத்தும் பாதுகாப்பான ஸ்டோரேஜில் வைப்பதே வழக்கம்.

எந்த மாற்றம் டிஸ்க்கை அழிக்கும்?

இங்கேதான் கவனம் தேவை. ஃபைலில் ஒரு வரியை மாற்றுகிறீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா வரியும் ஒன்றுதான். ஆனால் விளைவு ஒன்றல்ல.

100 கிகாபைட்டை 200 ஆக்கினால், டிஸ்க் அப்படியே பெரிதாகும். டேட்டா பத்திரம். ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. சர்வருக்குள் போய் ஃபைல் சிஸ்டத்தையும் பெரிதாக்க வேண்டும். பக்கத்து மனையை வாங்கிய பிறகு காம்பவுண்டு சுவரை நகர்த்துவது மாதிரி. ஜிபி2-வை ஜிபி3 ஆக்குவதும் டிஸ்க்கைக் கழற்றாமலே நடக்கும்.

ஸோனை ‘ஏ’-விலிருந்து ‘பி’ என்று மாற்றினால்? மேலே சொன்ன நிபந்தனை நினைவிருக்கிறதா? இருக்கும் டிஸ்க்கை நகர்த்த வழியில்லை. அதனால் டெர்ராஃபார்ம் பழைய டிஸ்க்கை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கும். புது டிஸ்க் காலியாக இருக்கும். என்கிரிப்ஷனை ஆஃபிலிருந்து ஆன் ஆக்கினாலும் இதே கதைதான். பாதுகாப்பை அதிகரிக்கிறோம் என்று நினைத்துச் செய்யும் மாற்றம், டேட்டாவையே தூக்கிவிடும்.

அளவைக் குறைப்பது இன்னொரு கண்ணி. அமேசான், டிஸ்க்கைச் சிறிதாக்க முடியாது என்று மறுத்துவிடும். ஆனால் கூகுள் கிளவுட் டிஸ்க்கின் அளவை ஃபைலில் குறைத்தால், டெர்ராஃபார்ம் அதை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கத் திட்டமிடும்.

டெர்ராஃபார்ம் மீது தப்பு சொல்ல முடியாது. நீங்கள் கேட்டதைத்தான் அது தருகிறது. சர்வர் போனால் அதே கோடை வைத்து இன்னொரு சர்வர் உருவாக்கலாம். டிஸ்க் போனால் இன்னொரு டிஸ்க் உருவாக்கலாம். உள்ளே இருந்த டேட்டாவை உருவாக்க முடியாது. டேட்டா எந்தக் கோடிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

எப்படித் தப்பிப்பது?

1. பிளானைப் படியுங்கள். ‘+’ என்றால் புதிது, ‘~’ என்றால் இருப்பதில் மாற்றம், ‘-’ என்றால் அழிப்பு. ‘-/+’ என்று வந்தால் அழித்துவிட்டு மறுபடி உருவாக்கப்போகிறது என்று அர்த்தம். டிஸ்க் பெயருக்கு முன்னால் இந்தக் குறியைப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

2. ‘பிரிவென்ட் டெஸ்ட்ராய்’ போடுங்கள். இந்த ஒரு வரி இருந்தால், டிஸ்க்கை அழிக்கச் சொல்லும் எந்த பிளானையும் டெர்ராஃபார்ம் ஏற்காது. ஆனால், டிஸ்க்கின் மொத்தப் பகுதியையும் ஃபைலிலிருந்து நீக்கிவிட்டால் இந்த வரியும் சேர்ந்தே போய்விடும்; அப்போது பாதுகாப்பு இருக்காது.

3. கடைசி ஸ்னாப்ஷாட். இபிஎஸ் டிஸ்க்கை அழிக்கும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கச் சொல்லும் வசதி டெர்ராஃபார்மில் இருக்கிறது. தானாக ஆன் ஆகாது. நீங்கள்தான் எழுத வேண்டும்.

4. பேக்கப் தனி இடத்தில் இருக்கட்டும். யூனிசூப்பரைக் காப்பாற்றியது இதுதான். அழிந்துபோன அமைப்புக்கு வெளியே, தனி ஸ்டோரேஜில் பேக்கப்கள் இருந்தன. வேறு நிறுவனத்தின் பேக்கப் மென்பொருளும் உதவியது. அவை இல்லையென்றால், காத்திருப்பு ஒரு வாரத்தோடு முடிந்திருக்காது.

பழகிப் பார்க்கும் மாணவர்களுக்கு...

உங்களுக்கு விஷயம் தலைகீழ். சர்வரை நிறுத்திவிட்டாலும், எதிலும் மாட்டாமல் சும்மா கிடக்கும் டிஸ்க்குக்கும் பில் ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு பயன்படுத்தினீர்கள் என்பது கணக்கில்லை. எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்பதுதான் கணக்கு. அதனால் பயிற்சி முடிந்ததும் ‘டெஸ்ட்ராய்’ கட்டளையை ஓட்டி எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். அப்போதும் “உறுதியாகவா?” என்று அது கேட்கும். ‘எஸ்’ என்று டைப் செய்யும் முன், பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்துவிடுங்கள். நாளைக்கு வேலைக்குப் போகும்போது, வேறு யாரோ ஒருவரின் ஓய்வூதியக் கணக்கு அந்தப் பட்டியலில் இருக்கலாம்.